பங்குச் சந்தைத் தொழில்கள்: சொந்த வியாபாரமா, தரகுப் பணியா?

நம் நாட்டின் மூலதனச் சந்தை கடந்த முப்பது ஆண்டுகளில் பெரிதும் விரிவடைந்துள்ளது. பம்பாய், கல்கத்தா, அகமதாபாத், சென்னை போன்ற பெருநகரங்களில் ஒரு சில குடும்பங்களின் அக்கறைக்குரியதாக மட்டும் இருந்த பங்கு வாணிபம், இன்று சிற்றூர்களிலும் பேசப்படும் பொருளாகிவிட்டது. பங்குகளை மின்னணு முறையில் வைத்திருப்பதற்கான டிமேட் கணக்குகளின் எண்ணிக்கை 2022 ஆகஸ்டில் 10 கோடியைத் தாண்டியது. அடுத்த மூன்றே ஆண்டுகளில், அதாவது 2025-இல், அது 20 கோடியை எட்டியது.

இந்த விரிவின் விளைவாக, கல்லூரிப் படிப்பை முடித்து வெளிவரும் இளைஞர்களிடையே ஒரு புதிய கேள்வி எழுந்துள்ளது. பங்குச் சந்தையைத் தொழிலாக ஏற்பதாயின், சொந்தக் கணக்கில் வாங்கி விற்று ஆதாயம் தேடுவதா, அல்லது பிறருக்காக வாங்கி விற்கும் தரகுத் துறையில் சேர்வதா என்பதே அக்கேள்வி. வெளித் தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே காணப்படுகின்றன. இரு தொழிலினரும் ஒரே விலைத் திரையைப் பார்க்கின்றனர். ஒரே சொற்களைப் பேசுகின்றனர். ஆயினும் வருவாயின் ஊற்று, ஏற்க வேண்டிய இடர், சட்டத்தின் பார்வை ஆகிய மூன்றிலும் இவை முற்றிலும் வேறுபட்ட தொழில்கள். இவ்வேறுபாட்டை உணராமல் எடுக்கும் முடிவினால் ஒரு குடும்பத்தின் பல்லாண்டுச் சேமிப்பே கரைந்துவிடக் கூடும்.

அடிப்படை வேறுபாடு

தரகர் என்பவர் வாங்குவோரையும் விற்போரையும் இணைப்பவர். அவர் செய்வது ஒரு பணி. அப்பணிக்குரிய கூலியே தரகு. பங்கின் விலை ஏறினாலும் இறங்கினாலும், ஒப்பந்தம் நிறைவேறியவுடன் அவருக்குரிய தொகை கிடைத்துவிடுகிறது. விலையின் போக்கினால் வரும் இலாபமும் நட்டமும் வாடிக்கையாளரையே சாரும்.

சொந்தக் கணக்கில் வியாபாரம் செய்பவரின் நிலை வேறு. வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வேறுபாடே அவருடைய வருவாய். அது நேர்மறையாக இருக்கலாம்; எதிர்மறையாகவும் இருக்கலாம். அவர் எவருக்கும் பணி செய்து கூலி பெறுவதில்லை. தம் மூலதனத்தையே இடருக்கு உட்படுத்துகிறார். நீண்டகால முதலீட்டாளரும் இவரும் ஒருவரல்லர். முதலீட்டாளர் ஒரு நிறுவனத்தின் வளர்ச்சியில் பங்கு பெறுவதற்காகப் பல ஆண்டுகள் காத்திருப்பவர். வியாபாரியோ சில நாட்களில், சில மணிகளில், ஏன், சில நிமிடங்களிலேயே நிகழும் விலை மாற்றத்தை நம்பியிருப்பவர்.

ஒரு தானிய மண்டியை எடுத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். விவசாயியின் மூட்டைகளுக்கு விலை பேசி, மூட்டைக்கு இவ்வளவு எனத் தரகு பெறுபவர் ஒருவர். அதே மூட்டைகளைத் தம் பணத்தில் வாங்கிக் கிடங்கில் வைத்து, விலையேற்றத்துக்குக் காத்திருப்பவர் மற்றொருவர். மழை பொய்த்தாலும் பொழிந்தாலும் முன்னவரின் வருவாய் மூட்டைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. பின்னவரின் வருவாயோ அம்மழையையே பொறுத்தது.

வரலாற்றுப் பின்னணி

இந்தியப் பங்குச் சந்தையின் வரலாறு பெரும்பாலும் தரகர்களின் வரலாறே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பம்பாய் நகர மண்டபத்துக்கு எதிரே ஆலமர நிழலில் தரகர்கள் கூடி வாணிபம் செய்தனர். 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரினால் இங்கிலாந்துக்கு அமெரிக்கப் பருத்தி செல்வது தடைப்பட்டது; இந்தியப் பருத்திக்கு எதிர்பாராத விலை கிடைத்தது. பம்பாயில் குவிந்த பணம் பங்குகளின் விலையை விண்ணளவு உயர்த்தியது. போர் முடிந்த 1865-இல் விலைகள் சரிந்தபோது வங்கிகளும் வணிகக் குடும்பங்களும் வீழ்ந்தன. அந்த அனுபவத்துக்குப் பின்னர் 1875-இல் தரகர்கள் தமக்கென ஒரு சங்கத்தை அமைத்துக்கொண்டனர். அதுவே பின்னாளில் பம்பாய் பங்குச் சந்தை எனப் பெயர் பெற்றது. அது அமைந்துள்ள தலால் தெருவின் பெயருக்கே தரகர் தெரு என்பதுதான் பொருள். அகமதாபாதில் 1894-இலும், கல்கத்தாவில் 1908-இலும், சென்னையில் 1920-இலும் பங்குச் சந்தைகள் தோன்றின.

பம்பாய்ச் சந்தையின் கூடத்தில் தரகர்களோடு ‘தரவணிவாலா’ எனப்படும் வேறொரு பிரிவினரும் இருந்தனர். இவர்கள் குறிப்பிட்ட சில பங்குகளுக்கு வாங்கும் விலை, விற்கும் விலை இரண்டையும் கூறித் தம் சொந்தக் கணக்கில் வாணிபம் செய்தனர். இலண்டன் சந்தையில் இவ்விரு பணிகளையும் ஒருவரே செய்யலாகாது என்ற கண்டிப்பான விதி 1986 அக்டோபர் வரை இருந்தது. இந்தியாவில் அத்தகைய முழுத் தடை இருந்ததில்லை; ஒருவரே தரகராகவும் சொந்தக் கணக்கு வியாபாரியாகவும் இயங்க முடிந்தது.

இதன் ஆபத்தை உணர்ந்தே 1956-ஆம் ஆண்டின் பத்திர ஒப்பந்த ஒழுங்குமுறைச் சட்டம் ஒரு பாதுகாப்பைச் செய்தது. சந்தையின் உறுப்பினர் ஒருவர், உறுப்பினரல்லாத ஒருவருடன் தாமே எதிர்த்தரப்பாக நின்று தம் கணக்கில் ஒப்பந்தம் செய்வதாயின், அவருடைய சம்மதத்தைப் பெற வேண்டும். அவ்விவரத்தை ஒப்பந்தக் குறிப்பிலும் தெரிவிக்க வேண்டும். தரகரிடம் வருபவர், அவர் தமக்காகச் செயல்படுகிறார் என நம்பியே வருகிறார். அந்த நம்பிக்கை பழுதுபடலாகாது என்பதே இவ்விதியின் நோக்கம்.

எல்லை மீறியதன் விளைவு

இவ்வெல்லை அழிந்தால் என்ன நேரும் என்பதை 1992-ஆம் ஆண்டு நாட்டுக்கு உணர்த்தியது. அக்காலத்தில் வங்கிகள் தமக்குள் அரசுக் கடன் பத்திரங்களை வாங்கி விற்கையில் தரகர்கள் இடையில் நின்றனர். பத்திரங்களுக்குப் பதிலாக வங்கி ரசீது எனப்படும் தாள்களே பல வேளைகளில் கைமாறின. வங்கியின் பெயரில் எழுதப்பட்ட காசோலைகள் தரகர்களின் கணக்கில் வரவு வைக்கப்பட்டன. இவ்வாறு பெற்ற பணம் பங்குச் சந்தையில் சொந்த வியாபாரத்துக்குத் திருப்பப்பட்டது. தரகு பெற்றுக்கொண்டு விலகி நிற்க வேண்டியவர், பிறர் பணத்தைக் கொண்டு தாமே வியாபாரியானார் என்பதே அந்நிகழ்ச்சியின் சாரம். ரிசர்வ் வங்கி அமைத்த ஜானகிராமன் குழுவும், நாடாளுமன்றக் கூட்டுக் குழுவும் இதனை ஆராய்ந்தன. இவ்வழக்குகளுக்கென 1992-இலேயே தனி நீதிமன்றச் சட்டமும் இயற்றப்பட்டது.

1988-இல் தோற்றுவிக்கப்பட்ட இந்தியப் பங்குப் பரிவர்த்தனை வாரியமாகிய செபிக்கு 1992-இல் சட்ட அதிகாரம் கிடைத்தது. தரகர்கள் பதிவு பெறுவது கட்டாயமாயிற்று. வாடிக்கையாளரின் பணத்தைத் தரகரின் சொந்தப் பணத்திலிருந்து பிரித்துத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும் என 1993-இல் ஆணையிடப்பட்டது. 1994-இல் தேசியப் பங்குச் சந்தை கணினித் திரை வழி வாணிபத்தைத் தொடங்கியது. 1996-ஆம் ஆண்டின் வைப்பகச் சட்டம் காகிதப் பங்குகளின் காலத்துக்கு முடிவு கட்டியது. 2023 ஜனவரி முதல் எல்லாப் பங்குகளுக்கும் வாணிபம் நடந்த மறு வேலைநாளிலேயே பணமும் பங்கும் கைமாறுகின்றன.

ஆயினும் 2019-இல் ஒரு பெரிய தரகு நிறுவனம் வாடிக்கையாளர்களின் பங்குகளைத் தன் கடனுக்கு ஈடாக வைத்தது வெளிப்பட்டது. அதன் பின், 2020 முதல் வாடிக்கையாளரின் பங்குகள் அவருடைய டிமேட் கணக்கிலேயே இருந்தபடி அடமானமாகக் குறிக்கப்படும் முறை புகுத்தப்பட்டது. தரகுத் தொழிலில் சேர விரும்பும் இளைஞர் இவ்வரலாற்றை அறிந்திருப்பது அவசியம். பிறர் பொருளைத் தம் பொருளாகக் கருதாத கட்டுப்பாடே இத்தொழிலின் முதற் தகுதி என்பதை இது உணர்த்துகிறது.

சொந்த வியாபாரம்: புள்ளிவிவரங்கள் கூறுவது

சொந்தக் கணக்கு வியாபாரத்தில் இன்று இளைஞர்களைப் பெரிதும் ஈர்ப்பவை ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் எனப்படும் முன்பேர, விருப்பத்தேர்வு ஒப்பந்தங்கள். இவை 2000, 2001 ஆண்டுகளில் இந்தியாவில் அறிமுகமாயின. முழு மதிப்பையும் செலுத்தாமல் சிறு தொகையை வைத்துப் பெரிய மதிப்புக்கு வாணிபம் செய்ய இவை இடமளிக்கின்றன. ஆதாயம் எவ்வாறு பெருகுகிறதோ அவ்வாறே நட்டமும் பெருகும்.

இத்துறையில் ஈடுபட்ட தனிநபர்களின் நிலையைச் செபி தொடர்ந்து ஆராய்ந்து வெளியிட்டுள்ளது. 2021-22 முதல் 2023-24 வரையான மூன்று நிதியாண்டுகளில் இவ்வாணிபத்தில் ஈடுபட்ட ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் நூற்றுக்கு 93 பேர் நட்டமடைந்தனர். செலவுகளையும் சேர்த்து அவர்களின் மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேற்பட்டது. நட்டமடைந்தவர் ஒருவரின் சராசரி இழப்பு ஏறத்தாழ 2 லட்சம் ரூபாய். செலவு நீங்கலாக ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் ஆதாயம் பெற்றவர்கள் நூற்றுக்கு ஒருவர் மட்டுமே. 2024-25 நிதியாண்டுக்கான ஆய்விலும் நட்டமடைந்தோரின் விகிதம் 91 சதவீதமாக இருந்தது. அவ்வோராண்டின் நிகர நட்டம் 1.05 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது.

இவ்வாணிபத்தில் ஈடுபடுவோர் யார் என்பதும் கவனத்துக்குரியது. 2023-24-இல் இவர்களில் 43 சதவீதத்தினர் முப்பது வயதுக்கு உட்பட்டவர்கள். முக்கால் பங்குக்கு மேற்பட்டோர் ஆண்டு வருமானம் 5 லட்சம் ரூபாய்க்கும் குறைவு எனத் தெரிவித்தவர்கள். தொடர்ந்து நட்டமடைந்தும் இவர்களில் பெரும்பாலோர் வாணிபத்தை விடவில்லை.

ஒரே நாளில் பங்குகளை வாங்கி விற்போரின் நிலையும் ஊக்கமளிப்பதாக இல்லை. 2022-23-இல் இவர்களில் பத்துக்கு ஏழு பேர் நட்டமடைந்தனர். முப்பது வயதுக்கு உட்பட்டோரிடையே இவ்விகிதம் 76 சதவீதமாக இருந்தது.

இந்நிலைக்குரிய காரணம் எளிதில் விளங்கக்கூடியதே. முன்பேர ஒப்பந்தத்தில் ஒருவரின் ஆதாயம் மற்றொருவரின் நட்டம். புதிய செல்வம் எதுவும் அங்கு உருவாவதில்லை. இருவரும் தரகு, பங்குச் சந்தைக் கட்டணம், பத்திரப் பரிவர்த்தனை வரி, முத்திரைத் தீர்வை ஆகியவற்றைச் செலுத்துவதால் கூட்டுத்தொகை பூச்சியத்துக்கும் கீழே செல்கிறது. எதிர்த்தரப்பில் இருப்பவரோ பெரும்பாலும் மற்றொரு தனிநபர் அல்லர். 2023-24-இல் சொந்தக் கணக்கில் வாணிபம் செய்யும் நிறுவனங்கள் 33,000 கோடி ரூபாயும், அயல்நாட்டு முதலீட்டு நிறுவனங்கள் 28,000 கோடி ரூபாயும் செலவுக்கு முந்திய ஆதாயமாகப் பெற்றன. இந்த ஆதாயத்தில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்ட பகுதி கணினி நிரல்கள் தாமே இயங்கிச் செய்த வாணிபத்தால் கிடைத்தது. கைப்பேசியுடன் அமர்ந்திருக்கும் தனிநபர் யாருடன் போட்டியிடுகிறார் என்பதை இவ்வெண்கள் தெளிவாக்குகின்றன.

மூலதனமும் குடும்பச் செலவும்

சொந்த வியாபாரத்தை வாழ்க்கைத் தொழிலாக ஏற்க எண்ணுபவர் முதலில் ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்த்தல் நலம். மாதம் 25,000 ரூபாய் குடும்பச் செலவுக்கு வேண்டும் எனக் கொள்வோம். ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் ஆகிறது. கையில் உள்ள மூலதனம் 5 லட்சம் ரூபாயாயின், முதல் குறையாமல் இத்தொகையைப் பெற ஆண்டுக்கு 60 சதவீத ஆதாயம் தேவை. இதனை ஆண்டுதோறும் ஈட்டுவது உலகின் தேர்ந்த நிதி நிர்வாகிகளுக்கும் அரிது. ஆண்டுக்கு 15 சதவீதம் என்பதே மிக நல்ல ஆதாயம். அக்கணக்கில் பார்த்தால் 20 லட்சம் ரூபாய் மூலதனம் வேண்டும். 12 சதவீதமாயின் 25 லட்சம் ரூபாய் வேண்டும். நட்டம் நேரும் ஆண்டுகளைத் தாங்குவதற்கான கையிருப்பு இதற்கு மேலும் தேவைப்படும்.

செலவுக் கணக்கும் புறக்கணிக்கத் தக்கதன்று. நாளொன்றுக்குப் பத்து முறை வாங்கி விற்பவர் இருபது ஆணைகளை இடுகிறார். ஆணைக்கு 20 ரூபாய் தரகு எனில் நாளொன்றுக்கு 400 ரூபாய். ஆண்டில் சந்தை இயங்கும் நாட்கள் ஏறத்தாழ 250. ஆக, தரகு மட்டுமே ஒரு லட்சம் ரூபாய் ஆகிறது. 5 லட்சம் ரூபாய் மூலதனத்தில் இது ஐந்தில் ஒரு பங்கு. வரிகளும் ஏனைய கட்டணங்களும் இதில் சேரவில்லை. அவற்றையும் ஈடுகட்டிய பின்னரே முதல் ரூபாய் ஆதாயம் தொடங்குகிறது.

வருமான வரிச் சட்டத்தின் நோக்கிலும் வேறுபாடு உண்டு. பங்குகளை ஒரே நாளில் வாங்கி விற்பதால் வரும் வருமானம் ஊக வாணிப வருமானமாகக் கருதப்படுகிறது. அதில் ஏற்படும் நட்டத்தை வேறு ஊக வாணிப ஆதாயத்தில் மட்டுமே கழிக்கலாம். சம்பளத்திலோ ஏனைய தொழில் வருமானத்திலோ கழிக்க இயலாது. அங்கீகாரம் பெற்ற சந்தையில் நடக்கும் முன்பேர, விருப்பத்தேர்வு வாணிபம் ஊகம் அல்லாத தொழில் வருமானமாகக் கணக்கிடப்படுகிறது.

உறவினர், நண்பர்களின் பணத்தைத் திரட்டி வியாபாரம் செய்யும் வழக்கமும் ஆங்காங்கே காணப்படுகிறது. உரிய பதிவின்றிப் பிறர் முதலீட்டை நிர்வகிப்பது சட்டத்துக்குப் புறம்பானது. இத்தனை சதவீதம் நிச்சயம் தருவதாக வாக்களிப்பது அதனினும் பெருங்குற்றம். இத்தகைய ஏற்பாடுகள் நட்டத்தில் முடியும்போது பணத்துடன் உறவும் முறிகிறது.

நிறுவனத்தின் பணத்தில் வியாபாரம்

இவற்றால் வியாபாரத் தொழிலே கூடாது என முடிவு செய்துவிடலாகாது. தம் சொந்தப் பணத்தை இடருக்கு உட்படுத்தாமல், சம்பளம் பெற்று வியாபாரம் செய்யும் பணிகள் பல உள்ளன. வங்கிகளின் கருவூலப் பிரிவுகள், அரசுக் கடன் பத்திரங்களில் முதன்மை வணிகம் செய்யும் நிறுவனங்கள், காப்பீட்டு நிறுவனங்கள், பரஸ்பர நிதிகள், சொந்தக் கணக்கில் வாணிபம் செய்யும் நிறுவனங்கள் ஆகியவற்றில் இத்தகைய பணியாளர்கள் தேவைப்படுகின்றனர். அந்நியச் செலாவணி, அரசுப் பத்திரங்கள், பங்குகள், பண்டங்கள் என ஒவ்வொன்றும் தனித் துறை. அரசுப் பத்திரங்களுக்கென 2005 முதல் ரிசர்வ் வங்கியின் மின்னணு வாணிப அமைப்பு இயங்குகிறது. அவ்வாணிபத்தின் தீர்வுப் பணியை 2001-இல் நிறுவப்பட்ட கிளியரிங் கார்ப்பரேஷன் ஏற்றுள்ளது.

இங்கு வியாபாரியின் உரிமை எல்லைக்குட்பட்டது. எவ்வளவு தொகைக்கு வாங்கலாம், எவ்வளவு நட்டம் வரை பொறுக்கலாம், இரவு முழுவதும் எவ்வளவை விற்காமல் வைத்திருக்கலாம் என்பன முன்கூட்டியே வரையறுக்கப்படுகின்றன. ஒப்பந்தம் செய்பவர் ஒருவர். இடரைக் கணிப்பவர் மற்றொருவர். கணக்கை முடிப்பவர் வேறொருவர். இப்பிரிவினை இல்லாமற் போனதால் விளைந்த கேட்டுக்கு உலகறிந்த எடுத்துக்காட்டு பேரிங்ஸ் வங்கி. 1762-இல் தோன்றிய அவ்வங்கியின் சிங்கப்பூர்க் கிளையில், வாணிபத்தையும் கணக்கு முடிக்கும் பணியையும் ஒரே இளைஞர் கவனித்தார். நட்டங்கள் ஒரு மறைவுக் கணக்கில் சேர்ந்துகொண்டே சென்றன. 1995-இல் உண்மை வெளிப்பட்டபோது நட்டம் 82 கோடி பவுண்டுக்கு மேல் இருந்தது; வங்கியும் வீழ்ந்தது.

தனியே அமர்ந்து வியாபாரம் செய்பவருக்கு இந்த மூன்று பணிகளும் ஒருவரிடமே உள்ளன என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது. அவரைத் தடுத்து நிறுத்த மேலதிகாரி எவரும் இல்லை.

இத்துறையில் இடங்கள் குறைவு, போட்டி கடுமை. கணிதம், புள்ளியியல், கணினி நிரலாக்கம், பொருளாதாரம் ஆகியவற்றில் ஆழ்ந்த பயிற்சி எதிர்பார்க்கப்படுகிறது. சம்பளம் உயர்ந்தது, ஆனால் ஓரிரு ஆண்டுகள் தொடர்ந்து நட்டம் காட்டுபவருக்குப் பதவி நிலைப்பதில்லை.

தரகுப் பணியின் இயல்பு

தரகுத் துறை இதனினும் பரந்தது. வாடிக்கையாளரின் ஆணையைச் சந்தையில் இடும் டீலர், இடர் கட்டுப்பாட்டு அலுவலர், பணமும் பங்கும் உரியவரைச் சேர்வதை உறுதி செய்யும் தீர்வுப் பிரிவினர், சட்ட விதிகள் பின்பற்றப்படுவதைக் கண்காணிக்கும் அலுவலர், ஆய்வாளர், கணினிப் பொறியாளர் எனப் பலதரப்பட்ட பணிகள் இதில் அடங்கும். வணிகவியல் பட்டதாரிகளுக்கு இப்பணிகள் எட்டக்கூடியவை. குறிப்பிட்ட பணிகளுக்கு, 2006-இல் செபி நிறுவிய தேசியப் பத்திரச் சந்தைக் கல்வி நிறுவனத்தின் சான்றிதழ்த் தேர்வில் தேர்ச்சி பெறுவது கட்டாயம். சான்றிதழ் மூன்றாண்டுகளுக்குச் செல்லும்; பின்னர் புதுப்பிக்க வேண்டும்.

சொந்தமாகத் தரகு நிறுவனம் தொடங்கப் பெருமுதல் வேண்டும். சந்தையில் வைப்புத்தொகை, குறைந்தபட்ச நிகர மதிப்பு, செபியின் பதிவு ஆகியவை தேவை. சந்தை உறுப்பினராக விரும்பும் தனிநபர் 21 வயது நிரம்பியவராக இருத்தல் வேண்டும். கடன் தீர்க்க இயலாதவர் என அறிவிக்கப்பட்டவராகவோ மோசடிக் குற்றத்துக்காகத் தண்டனை பெற்றவராகவோ இருத்தலாகாது.

சிறு முதலில் தொடங்க விரும்புவோருக்கு, ஒரு தரகு நிறுவனத்தின் ‘அதிகாரம் பெற்ற நபராக’ப் பணியாற்றும் வழி உள்ளது. 18 வயதும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் இதற்குரிய குறைந்தபட்சத் தகுதிகள். இவர் வாடிக்கையாளரின் பணத்தையோ பங்குகளையோ தம் பெயரில் பெறலாகாது. முன்பிருந்த துணைத் தரகர் என்னும் பிரிவு 2019 மார்ச்சுடன் முடிவுற்றது.

இத்தொழிலிலும் இடர்ப்பாடுகள் உண்டு. 2010-க்குப் பின் குறைந்த கட்டணத் தரகு நிறுவனங்கள் பெருகின. மதிப்பில் இத்தனை சதவீதம் என்ற தரகு போய், ஆணைக்கு இவ்வளவு என்ற நிலையான கட்டணம் வந்தது. ஒருவர் 200 வாடிக்கையாளர்களைச் சேர்த்து, ஒவ்வொருவரும் மாதம் இரண்டு ஆணைகள் இடுவதாகக் கொண்டால், ஆணைக்கு 20 ரூபாய் வீதம் மொத்தத் தரகு 8,000 ரூபாய். அதில் பாதி அவருக்குக் கிடைக்குமாயின் 4,000 ரூபாய் மட்டுமே. ஆணைகளைப் பெற்று அனுப்புவதை மட்டுமே நம்பிய தரகர்களின் பணியைக் கைப்பேசிச் செயலிகள் பெருமளவு எடுத்துக்கொண்டன. மாநில அளவிலான பங்குச் சந்தைகளும் மறைந்தன. சென்னைப் பங்குச் சந்தை 2015-இல் தன் பணியை முடித்துக்கொண்டது.

வேறொரு முரண்பாடும் உண்டு. வாடிக்கையாளர் எத்தனை முறை வாங்கி விற்கிறாரோ அத்தனை முறை தரகு கிடைக்கிறது. ஆனால் அடிக்கடி வாங்கி விற்பது வாடிக்கையாளருக்கு நன்மை பயப்பதில்லை என்பதை மேற்கண்ட ஆய்வுகள் காட்டுகின்றன. தம் வருவாயைப் பெருக்கத் தேவையற்ற வாணிபத்தைத் தூண்டும் தரகர், காலப்போக்கில் தம் வாடிக்கையாளரையே இழக்கிறார். முதலீட்டு ஆலோசனை, பரஸ்பர நிதி விநியோகம், ஆய்வு ஆகியவற்றில் உரிய பதிவும் தேர்ச்சியும் பெற்று, நீண்டகால முதலீட்டாளருக்குப் பணி செய்பவருக்கு இத்துறையில் இடமிருக்கிறது.

அரசு ஊழியர் கவனத்துக்கு

அரசு அலுவலர்கள் இவ்விரு தொழில்களையும் பகுதி நேரமாகக்கூட மேற்கொள்ள இயலாது. 1964-ஆம் ஆண்டின் மத்தியக் குடிமைப் பணிகள் நடத்தை விதிகள் பங்குகளில் ஊக வாணிபத்தைத் தடை செய்கின்றன. அடிக்கடி வாங்குவதும் விற்பதும் ஊக வாணிபமாகவே கருதப்படும். பதிவு பெற்ற தரகர் மூலம் எப்போதாவது செய்யும் முதலீட்டுக்குத் தடையில்லை. அனுமதியின்றித் தனி வாணிபமோ வேறு பணியோ மேற்கொள்வதும் விதிகளுக்கு முரணானது.

குடும்பத்தினர் ஒருவர் தரகு அலுவலகம் நடத்துவாராயின் அதனை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். அவ்வலுவலகத்துக்கு வாடிக்கையாளர் சேர்த்துத் தர அலுவலர் முனைவது நடத்தை விதிகளை மீறியதாகக் கொள்ளப்படும். மகனோ மகளோ இத்துறையில் நுழையும்போது சக ஊழியர்களிடம் பரிந்துரைப்பது இயல்பாகத் தோன்றலாம். ஆனால் அது ஒழுங்கு நடவடிக்கைக்கு இடமளிக்கும் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

எவ்வாறு தேர்ந்தெடுப்பது?

தேர்வு செய்யுமுன் இளைஞர்கள் சில வினாக்களுக்கு விடை காண வேண்டும். முதலாவது, ஓராண்டு முழுவதும் வருவாயே இல்லாமற்போனால் குடும்பம் தாங்குமா? இரண்டாவது, இடருக்கு உட்படுத்தப்படும் பணம் யாருடையது? அது தந்தையின் ஓய்வூதியப் பலனாகவோ, நகைக்கடனாகவோ, தனிநபர் கடனாகவோ இருப்பின் வியாபாரத்தில் இறங்காதிருப்பதே அறிவுடைமை. கடனுக்கு வட்டி நிச்சயம். வியாபாரத்தில் ஆதாயம் நிச்சயமில்லை. மூன்றாவது, மனப்பாங்கு எத்தகையது? நட்டத்தை உடனே ஒப்புக்கொண்டு விலகும் உறுதி வியாபாரிக்குத் தேவை. பொறுமையும், பிறர் பணத்தைக் காக்கும் கண்டிப்பும், குறைகளுக்கு விடையளிக்கும் பண்பும் தரகருக்குத் தேவை.

பெரும்பாலான பட்டதாரிகளுக்கு ஏற்ற வழி இவ்வாறு அமையலாம். முதலில் ஒரு தரகு நிறுவனத்தின் தீர்வுப் பிரிவிலோ இடர்க் கட்டுப்பாட்டுப் பிரிவிலோ சில ஆண்டுகள் பணியாற்றலாம். ஆயிரக்கணக்கானோரின் கணக்குகளை நாள்தோறும் பார்ப்பவருக்கு, யார் எதனால் நட்டமடைகிறார் என்பது புலனாகும். கணிதத் திறனும் ஆர்வமும் உள்ளவர், அதன் பின் நிறுவனங்களின் வாணிபப் பிரிவுக்கு முயலலாம். சொந்தக் கணக்கு வியாபாரத்தை, வேறு நிலையான வருவாய் உள்ளபோது, இழந்தாலும் குடும்பம் பாதிக்கப்படாத சிறு தொகையுடன் நிறுத்திக்கொள்ளலாம். பணியாற்றும் நிறுவனத்தின் விதிகள் அதற்கு இடமளிக்கின்றனவா என்பதையும் முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

அரசும் செபியும் தம் பங்குக்குச் சில நடவடிக்கைகளை எடுத்துள்ளன. 2024 நவம்பர் முதல் குறியீட்டு ஒப்பந்தங்களின் குறைந்தபட்ச மதிப்பு 15 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. வாரந்தோறும் முடியும் ஒப்பந்தங்கள் ஒவ்வொரு சந்தையிலும் ஒரு குறியீட்டுக்கு மட்டும் என வரையறுக்கப்பட்டன. எனினும் விதிகளால் மட்டும் ஒருவரின் சேமிப்பைக் காத்துவிட முடியாது. கல்லூரிகளின் பொருளாதார, வணிகவியல் துறைகள் மேற்கூறிய ஆய்வு முடிவுகளையும் செலவுக் கணக்குகளையும் மாணவர்களுக்கு விளக்குவது மிகவும் பயன் தரும். பங்குச் சந்தையில் பணியாற்ற விரும்பும் இளைஞர்கள், எந்த வருவாய் உழைப்புக்கான கூலி, எந்த வருவாய் இடருக்கான ஈடு என்பதைப் பிரித்தறிந்து, தம் குடும்ப நிலைக்கு ஏற்ற வழியைத் தேர்ந்துகொள்வார்களாயின், நாட்டின் மூலதனச் சந்தைக்கும் தேர்ந்த பணியாளர்கள் கிடைப்பார்கள்.